அடுப்பில்லாத பழக்கலவை: சாத்துக்குடியிலிருந்து தொடங்குவோம்

கல்யாணப் பந்திகளிலும் ஜூஸ் கடைகளிலும் ப்ரூட் சாலட் என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது, பெரும்பாலும் கஸ்டர்ட் பவுடர் கலந்து காய்ச்சிய பாலில் மிதக்கும் ஆப்பிளும் வாழைப்பழமும், மேலே ஓர் உருண்டை ஐஸ்கிரீமும், அதன் உச்சியில் சாயம் ஏற்றிய ஒரு செர்ரியும்தான். அதைச் சாப்பிட்டு முடித்தவரிடம் எந்தப் பழம் நன்றாக இருந்தது என்று கேட்டால் பதில் வராது, ஏனெனில் பாலும் சர்க்கரையும் சேர்ந்து எல்லாப் பழங்களையும் ஒரே சுவையாக்கிவிடுகின்றன. நான் இங்கே எழுத நினைப்பது அதற்கு நேரெதிரான ஒரு கலவையைப் பற்றி: பால் இல்லை, கஸ்டர்ட் இல்லை, அடுப்பு இல்லை, சாத்துக்குடி, ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழங்களின் சாறே குழம்பாக நின்று, அன்னாசி, பப்பாளி, மாம்பழம் முதலியவற்றைத் தாங்கிப் பிடிக்கும் கலவை. இதில் எத்தனை வகைப் பழங்கள் சேர்கின்றன என்பது பெரிய விஷயமே இல்லை. புளிப்புப் பழத்தை முதலில் நறுக்கி, அதன் சாற்றில் மற்றவற்றை ஒவ்வொன்றாக இறக்குவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பெங்களூரில் மின்விசிறி தேவைப்படாது என்று சொல்லிக்கொண்டிருந்த தலைமுறை இன்னும் மல்லேஸ்வரத்திலும் அல்சூரிலும் இருக்கிறது. ஆனால் 2016 ஏப்ரலில் இந்த நகரத்தின் வெப்பநிலை 39.2 டிகிரியைத் தொட்டது, அதன் பிறகு வந்த கோடைகளும் பெரிதாக இரங்கவில்லை. மார்ச் முதல் மே வரை, மாலை மழை பெய்யத் தொடங்கும்வரை, மதியச் சமையலறையில் நிற்பதே தண்டனை. எங்கள் வீட்டில் இந்தக் கலவை ஒரு வேளைச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்தது அப்படித்தான். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, "அடுப்பே பத்த வெக்காம மத்தியானத்துக்கு என்னடா பண்ணப் போறே?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அத்தைக்கே தெரிந்த சங்கதிதான் இது. ராமநவமிக்கு நீர்மோரும் பானகமும் வடைப்பருப்பும் செய்கிற வீட்டில் எதற்கு அடுப்பு வேண்டும்? ஊறவைத்த பாசிப்பருப்பில் எலுமிச்சை பிழிந்து, உப்பும் தேங்காயும் சேர்த்து இந்த ஊர்க்காரர்கள் கோசம்பரி என்று கொடுப்பதும் அதே வகைதான். பழனிப் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொண்டாலும், மலைவாழைப்பழத்தைச் சர்க்கரையோடும் தேனோடும் நெய்யோடும் ஏலக்காயோடும் பிசைவதே தவிர வேகவைப்பது கிடையாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. நெருப்பில்லாமல் பழத்தைக் கையாளும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. நான் செய்வதெல்லாம் பானகத்தின் சுவையைப் பழக்கிண்ணத்துக்குள் கொண்டுவருவது மட்டும்தான்.

சமைக்காத உணவில் ஒளித்துவைக்க இடமில்லை. குழம்பில் ஒரு கத்திரிக்காய் சுமாராக இருந்தால் புளியும் மிளகாயும் அதைக் காப்பாற்றிவிடும். இங்கே பழம் சுமாராக இருந்தால் கிண்ணம் முழுவதும் சுமார்தான். ஆகவே வாங்குவதில் கவனம் வேண்டும், அதற்கு ஓர் அடிப்படை விஷயம் தெரிந்திருந்தால் போதும். மா, பப்பாளி, வாழை, கொய்யா ஆகியவை பறித்த பிறகும் பழுக்கக்கூடியவை. அன்னாசியும், ஆரஞ்சுக் குடும்பத்துப் பழங்கள் அனைத்தும், திராட்சையும் பறித்த பிறகு இனிப்பு ஏறாதவை. செடியிலிருந்து என்ன இனிப்போடு வந்தனவோ அதோடுதான் இருக்கும். வீட்டில் வைத்திருந்தால் நிறம் மாறலாம், மென்மையாகலாம், கடைசியில் அழுகலாம், இனிக்காது. ஆகவே மாம்பழத்தைச் சற்றுக் காயாக வாங்கி அரிசிப் பானையில் வைக்கலாம், ஆனால் அன்னாசியை வாங்கும் நாளிலேயே அதன் அடிப்பகுதியை முகர்ந்துபார்த்து மணம் வந்தால் மட்டுமே வாங்க வேண்டும். மாம்பழ விஷயத்தில் கார்பைடு கல்லால் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவுக்குள் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. மேல்தோல் முழுவதும் ஒரே மஞ்சளாகப் பளபளத்து, காம்பருகே மணமே இல்லாத பழத்தை நான் தொடுவதில்லை.

வாங்குமிடம் அவரவர் வசதி. விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போக முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் வட்டாரத்திலும், அல்சூர் கடைவீதியிலும் தமிழிலேயே பேரம் பேசலாம். 1959இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கி இன்று தெருமுனைதோறும் பச்சைநிறக் கடைகளாக நிற்கும் ஹாப்காம்ஸில் பேரம் கிடையாது, விலைப்பலகை உண்டு. எனக்கு அது வசதி.

சாத்துக்குடியைத்தான் இந்தக் கலவையின் முதுகெலும்பாக வைத்திருக்கிறேன். மோசம்பி என்று இங்கே குவித்து விற்கப்படும் இதை நம்மவர்கள் நோயாளிக்கு ஜூஸ் பிழியும் பழமாக ஒதுக்கிவைத்துவிட்டார்கள், அது அநியாயம். புளிப்பு குறைவு, சாறு மிகுதி, விலையும் தாங்கக்கூடியது. நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. பச்சைத் தோலுக்குள்ளும் நல்ல பழம் இருக்கும். ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுக்க வேண்டும், ஏனெனில் கனம் என்பது சாறு. தோல் சொரசொரப்பாகத் தடித்திருந்தால் உள்ளே சக்கை அதிகம். சாத்துக்குடிக்குத் துணையாக ஆரஞ்சு. குடகு ஆரஞ்சு கிடைக்கும் காலத்தில் அதற்கு நிகர் வேறில்லை என்பது என் கருத்து. தோல் தளர்ந்து, இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரியாக நிற்கும். அது அருகிவருவதால் நாக்பூர் கமலா ஆரஞ்சும், குளிர்காலத்தின் பிற்பகுதியில் வடக்கிலிருந்து வரும் கின்னோவும்தான் நம் கைக்கு எட்டுகின்றன. பஞ்சாபின் பழமாகவே நாம் நினைக்கும் கின்னோ, 1915இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு கமலா வகைகளைக் கலப்பினம் செய்து உருவாக்கப்பட்டது. சாற்றுக்கு அது உத்தமம். ஆனால் விதைகள் பொறுமையைச் சோதிக்கும்.

வாய்ப்பு அமைந்தால் சேர்க்க வேண்டிய இன்னொன்று பம்பளிமாஸ். இந்த ஊரில் சக்கோத்தா என்று கேட்க வேண்டும். பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளிப் பகுதியில் விளையும் சக்கோத்தாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு. உள்ளே இளஞ்சிவப்பு, தேன் போன்ற இனிப்பு, மெல்லிய கசப்பு. அதே தேவனஹள்ளியில்தான் 2008இல் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது, அதைத் தொடர்ந்து நிலத்தின் விலை எங்கே போனது என்பதையும், பழமரங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் விளக்க வேண்டியதில்லை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் சாலையோரத்தில் இதைக் கண்டால் வண்டியை நிறுத்திவிடுங்கள். நாம் இன்று சாப்பிடும் இனிப்பு ஆரஞ்சே பம்பளிமாஸும் கமலாவும் கலந்து பிறந்ததுதான். எலுமிச்சையையும் நாரத்தையையும் உள்ளிட்ட இந்தக் குடும்பம் முழுவதும் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில், அசாமும் வடபர்மாவும் யுன்னானும் சூழ்ந்த நிலப்பரப்பில் தோன்றியிருக்க வேண்டும் என்று 2018இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. அன்னாசி, பப்பாளி, கொய்யா மூன்றும் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை.

பம்பளிமாஸைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். கிரேப்ப்ரூட் எனப்படும் பழத்திலும் பம்பளிமாஸிலும் உள்ள சில வேதிப்பொருட்கள், குடலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. அதனால் சில மருந்துகள் தேவைக்கு மேல் இரத்தத்தில் சேர்ந்துவிடும். கனடாவில் ஓர் இரத்த அழுத்த மருந்தைச் சோதித்த மருத்துவர்கள் தற்செயலாகக் கண்டு, 1989இல் வெளியிட்ட செய்தி இது. கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டாட்டின் மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் இந்தப் பட்டியலில் உண்டு. நம் வீடுகளில் அறுபதைத் தாண்டியவர்களில் பலரிடம் இவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும். ஆகவே அத்தை வந்தால் எங்கள் கிண்ணத்தில் பம்பளிமாஸ் கிடையாது. சாத்துக்குடியும் ஆரஞ்சும் மட்டும். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவதே முறை.

இனி நறுக்குவது. இதில்தான் அவசரப்படக் கூடாது. பழங்களை வெட்டுவதற்கு முன்பே, தோலைச் சீவப்போகிறோம் என்றாலும், நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். தோலின் மேல் உள்ள அழுக்கைக் கத்திதான் உள்ளே இழுத்துச் செல்கிறது. சாத்துக்குடியின் மேலும் கீழும் வட்டமாகச் சீவி, தட்டையான பக்கத்தைப் பலகையில் நிறுத்தி, மேலிருந்து கீழாகப் பழத்தின் வளைவையொட்டித் தோலையும் அதனடியில் உள்ள வெள்ளைப் பஞ்சையும் ஒரே வீச்சில் அகற்ற வேண்டும். கையால் உரித்தால் வெள்ளைப் பஞ்சு பழத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். தோல் நீங்கிய பழத்தை இடக்கையில் வைத்து, கீழே ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுளையையும் பிரிக்கும் சவ்வின் இரு புறமும் கத்தியை நடுத்தண்டுவரை இறக்கினால், சவ்வு பழத்திலேயே தங்கி, சுளையின் சதை மட்டும் கழன்று விழும். இப்படி எல்லாச் சுளைகளும் விழுந்த பிறகு கையில் மிஞ்சுவது விசிறிபோல விரிந்த சவ்வுக்கட்டு. அதை அதே பாத்திரத்தின் மேல் இறுக்கிப் பிழிந்துவிட வேண்டும், ஆனால் கொட்டையை நசுக்கிவிடாமல். கத்தி கூர்மையாக இல்லாவிட்டால் இந்த வேலை ஆகாது, சுளை கூழாகிவிடும். பம்பளிமாஸில் மட்டும் கத்தி தேவையில்லை. அதன் சவ்வு தடித்தது, கையாலேயே பிளந்து, சதையை முத்துமுத்தாக உதிர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், கசப்புக்காக. ஆரஞ்சுக் குடும்பத்தில் கசப்பு இரண்டு வழிகளில் வருகிறது. வெள்ளைப் பஞ்சிலும் சவ்விலும் உள்ள நாரிஞ்சின் உடனே நாக்கில் தெரிவது. பம்பளிமாஸின் கசப்பு அதுதான். இன்னொன்று லிமோனின், இது முழுப் பழத்தைச் சாப்பிடும்போது தெரியாது, பழத்தை நசுக்கிச் சாறெடுத்த பிறகு, புளிப்போடு சேர்ந்து மெல்ல உருவாகும். காலையில் பிழிந்த சாத்துக்குடி ஜூஸ் மதியம் கசப்பதன் காரணம் இதுவே. கடைக்காரர் ஏதோ கலந்துவிட்டார் என்று சண்டைபோட வேண்டியதில்லை. மிக்சியில் கொட்டையோடு அரைத்தால் கசப்பு இன்னும் விரைவாக வரும். கத்தியால் சுத்தமாகச் சுளை எடுத்து, கையால் பிழிந்து, சில மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பாத்திரத்தில் சுளைகளும் அவற்றைச் சுற்றி அரைக் குவளை சாறும் சேர்ந்தாயிற்று என்றால் பாதி வேலை முடிந்தது. இனி வரும் பழங்கள் வெட்டியவுடன் இந்தச் சாற்றில் விழ வேண்டும். வாழைப்பழமும் ஆப்பிளும் கொய்யாவும் வெட்டிய சிறிது நேரத்தில் கறுக்கத் தொடங்குவது, அவற்றின் சதையில் உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து வேலைசெய்வதால். புளிப்பான சூழலில் அந்த நொதி முடங்கிவிடுகிறது, அத்தோடு புளிப்புப் பழங்களின் வைட்டமின் சி கறுப்பு நிறம் உருவாவதைத் தடுக்கவும் செய்கிறது. சாத்துக்குடியில் புளிப்பு போதாது என்பதால் ஓர் எலுமிச்சையின் பாதியைச் சேர்த்துப் பிழிந்துவிடுவது நல்லது. வாழையில் ஏலக்கி வகையையே சேர்க்கிறேன், சிறிய வில்லைகளாக நறுக்கினாலும் குழையாமல் நிற்கும். பெரிய பச்சைவாழை கால்மணி நேரத்தில் களியாகிவிடும். ஏலக்கியையும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

அன்னாசிக்குக் கொஞ்சம் கைத்திறன் வேண்டும். பெங்களூருக்கு வரும் அன்னாசியில் கேரளத்தின் வாழக்குளம் பகுதிப் பழத்துக்குத் தனி மதிப்பு உண்டு, அதுவும் புவிசார் குறியீடு பெற்றதே. தோலைத் தடிமனாகச் சீவினால் பாதிப் பழம் குப்பைக்குப் போகும். மெல்லியதாகச் சீவிவிட்டு, கண்கள் சரிவாக வரிசைபிடித்திருக்கும் திசையைக் கவனித்து, அந்தச் சரிவோடு கத்தியை இரு புறமும் சாய்த்து வாய்க்கால்போல அறுத்தெடுத்தால் கண்கள் வரிசை வரிசையாக வந்துவிடும். தள்ளுவண்டிக்காரர்கள் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்வார்கள். நாக்கு அரிப்பவர்கள் துண்டுகளைச் சில நிமிடம் உப்புநீரில் போட்டு எடுக்கலாம்.

அன்னாசியின் அந்த அரிப்புக்குப் பின்னால் புரோமெலைன் என்ற, புரதத்தைக் கரைக்கும் நொதிக்கும் பங்குண்டு. இதனால்தான் பாலும் தயிரும் இந்தக் கலவைக்கு ஆகாது. சமைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். நாம் சமைக்கவில்லை, ஆகவே அது முழு வீரியத்தோடு இருக்கும். பாலாடையோடோ தயிரோடோ பச்சை அன்னாசியைக் கலந்துவைத்தால் அதன் புரதத்தைச் சிதைத்துச் சற்று நேரத்தில் கசப்பாக்கிவிடும். பப்பாளியிலும் கிவியிலும் இதே வேலையைச் செய்யும் வேறு நொதிகள் இருக்கின்றன; பப்பாளி நன்கு பழுத்திருந்தால் அதன் வேகம் குறைவு. டின்னில் அடைத்த அன்னாசியை ஐஸ்கிரீமோடு பரிமாறும்போது ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அது ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது என்பதே.

அப்படியானால் கிண்ணத்துக்குக் கொஞ்சம் கொழுகொழுப்பு எங்கிருந்து வரும்? இளநீர் வழுக்கை. பெங்களூர்-மைசூர் சாலையில் உள்ள மத்தூர், இளநீருக்குப் பேர்போன சந்தை. நகரத்தின் மூலைக்கு மூலை இளநீர் வண்டி நிற்பதற்குப் பஞ்சமே இல்லை. வண்டிக்காரரிடம், கன்னடத்தில் தெளு கஞ்சி எனப்படும் இளம் வழுக்கை இருக்கிற காயாகக் கேட்டால், கரண்டியில் வழுகி வரும் மெல்லிய வழுக்கை கிடைக்கும். தடித்துவிட்டால் தேங்காய்ச் சுவை வந்து மற்றதை அமுக்கிவிடும். அதை நீளவாக்கில் கிழித்துச் சேர்த்தால் பாலாடை செய்ய வேண்டியதை அது செய்துவிடும்.

மாம்பழத்தில் பாதாமியோ பங்கனப்பள்ளியோ போன்ற, நாரில்லாமல் கெட்டியாக நிற்கும் வகை வேண்டும். ரசபுரி இந்த ஊரின் செல்லப்பிள்ளை என்றாலும் அது உறிஞ்சிச் சாப்பிட வேண்டிய பழம், கத்திக்கு அடங்காது. பப்பாளியை மற்றவற்றைவிடப் பெரிய துண்டுகளாக நறுக்கினால்தான் கலக்கும்போது உடையாது. கொய்யா சேர்ப்பதாக இருந்தால் கொட்டைப் பகுதியை நீக்கிவிடலாம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில்தான் இருக்கிறது என்றாலும், பல்லில் சிக்கும் கொட்டைக்காகப் பிள்ளைகள் கிண்ணத்தையே தள்ளிவிடுகிறார்கள். தர்ப்பூசணியை நான் சேர்ப்பதில்லை. அது தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், சாற்றின் சுவை நீர்த்துப்போகும்; அதைத் தனியாகச் சாப்பிடுங்கள்.

ஆறு பேருக்கு நான்கு சாத்துக்குடி, இரண்டு ஆரஞ்சு, நடுத்தர அன்னாசியில் பாதி, அரைக் கிலோ பப்பாளி, ஒரு மாம்பழம், மூன்று ஏலக்கி வாழை, ஓர் இளநீரின் வழுக்கை என்பது கணக்கு. பழங்களில் மூன்றில் ஒரு பங்காவது புளிப்புப் பழமாக இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் கலவை திகட்டத் தொடங்கும்.

பானகத்தின் பங்கு இனிமேல்தான். சாற்றிலிருந்து கால் குவளையைத் தனியே எடுத்து, பொடித்த வெல்லம் இரண்டு தேக்கரண்டியை அதில் கரைத்து, வடிகட்டிவிட வேண்டும். வெல்லத்தில் மண் இல்லாமல் இருந்தால் அது அதிசயம். அதில் துருவிய இஞ்சியைப் பிழிந்த சாறு ஒரு தேக்கரண்டியும், இரண்டு ஏலக்காயின் பொடியும், மீதமுள்ள அரை எலுமிச்சையும் சேரும். சுக்குத்தான் பானகத்துக்கு முறை என்றாலும் பச்சைப் பழங்களோடு இஞ்சியே பொருந்துகிறது. பழங்கள் நல்ல இனிப்பாக அமைந்துவிட்டால் வெல்லத்தைப் பாதியாகக் குறைக்கலாம். கோசம்பரியைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, விதை நீக்கிய ஒரு பச்சைமிளகாயைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பதும் உண்டு. பெரியவர்கள் மட்டும் சாப்பிடும் நாளில் அது மிக நன்றாக இருக்கும். சாட் மசாலா தூவுவது நண்பர்கள் பலரின் பழக்கம், எனக்கு அதில் விருப்பமில்லை: அதில் உள்ள கறுப்பு உப்பின் கந்தக நெடி சாத்துக்குடியின் மெல்லிய மணத்தை முதல் வாயிலேயே அடித்துவிடுகிறது.

உப்பு கட்டாயம் வேண்டும், கால் தேக்கரண்டி போதும், ஆனால் பரிமாறும் நேரத்தில்தான். உப்பும் சர்க்கரையும் பழத்தின் உள்ளிருந்து நீரை வெளியே இழுத்துவிடும். முன்கூட்டியே கலந்துவைத்தால் துண்டுகள் சுருங்கிச் சாறு பெருகிவிடும். கடைசியில் தூவும் உப்பு, எஞ்சியிருக்கும் கசப்பை மட்டுப்படுத்தி இனிப்பை முன்னே கொண்டுவருகிறது. புதினா சேர்ப்பவர்கள் இலையைக் கத்தியால் பொடிக்காமல் கையால் கிழித்துப் போடலாம், வெட்டினால் விளிம்பு கறுத்துவிடுகிறது.

நறுக்கிய பழத்தை, குறிப்பாகப் பப்பாளியைப் போலப் புளிப்புக் குறைந்த பழத்தை, கோடையில் வெளியே நெடுநேரம் வைக்கக் கூடாது. அரைமணி நேரம் குளிர்பெட்டியில் மூடிவைத்துப் பரிமாறுவது சரியான அளவு. அதற்கு மேல் குளிர்ந்தால் இனிப்பும் மணமும் நாக்குக்கு எட்டுவதில்லை. ஐஸ் கட்டி போடுவது சாற்றில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். துண்டுகள் தீர்ந்து சாறு மிஞ்சினால் அன்று மாலைக்குள் வடிகட்டி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு பானைத் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் லிமோனின் தன் வேலையைக் காட்டிவிடும்.